முதலில் கான், பிறகு கட்டடம்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து கடையைத் திறந்த கையோடு நான்கு இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். நால்வரும் ஒரே பாடசாலையின் பழைய மாணவர்கள். ஒருவர் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருப்பவர். அவருடைய கையில் ஒரு வர்ணப்படம் இருந்தது. கல்லூரி உதைபந்தாட்ட அணிக்குப் பயிற்சி மைதானம், அதன் ஓரத்தில் இரண்டு மாடிப் பெவிலியன், முன்னால் பெயர்க்கல். படம் மிக அழகாக இருந்தது.

"ஹாஜியார், பொருளாளரா நீங்கதான் இருக்கோணும். உங்கட பேர் இருந்தா சனம் நம்பிக் குடுக்கும்" என்றார்கள்.

நான் உடனே ஆம் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் வாசகர்களுக்கு இந்த வாரப் பாடம். உங்கள் ஊரிலும் இப்படியொரு படத்தை மடித்து வைத்துக்கொண்டு யாராவது சல்லி சேர்க்க வரக்கூடும். கொடுப்பவருக்கும் சேர்ப்பவருக்கும் இந்தக் கணக்கு தேவை.

நான் செய்த பிழை

பல வருடங்களுக்கு முன்பு வேறொரு பாடசாலையின் மைதானக் குழுவில் நான் பொருளாளராக இருந்தேன். ஊரும் வேண்டாம், பாடசாலையின் பெயரும் வேண்டாம். பிழையில் எனக்கும் பங்குண்டு.

அப்போது நாங்கள் பணம் சேர்த்த முறை இதுதான். தனவந்தர்களிடம் போனோம். "என்ன கட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டார்கள். கான் வெட்டுகிறோம், மண் போடுகிறோம் என்றால் யாருக்கும் உற்சாகம் வரவில்லை. பெவிலியன் என்றதும் காசோலைப் புத்தகம் வெளியே வந்தது. ஆகவே பெவிலியனை முதலில் கட்டினோம். கல்லில் பெயர் பொறித்தோம். திறப்பு விழாவில் பிரியாணி கொடுத்தோம். மீதியிருந்த பணத்தில் ஒரு பெக்கோவை இரண்டு நாட்கள் பிடித்து நிலத்தை மட்டம் தட்டினோம். பார்வைக்குத் தளம் போலச் சமமாக இருந்தது.

ஒக்டோபர் மழை வந்தது. சமமான நிலத்தில் விழுந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. மைதானம் குளமாயிற்று. தண்ணீர் வற்றிய பிறகு குண்டும் குழியுமாகக் காய்ந்தது. புல் வெட்ட ஆளில்லை, ஆளுக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. மூன்றாம் வருடம் புல்லுக்குள் மறைந்திருந்த குழியில் கால் விழுந்து பத்தாம் தரத்துப் பையன் ஒருவனின் கணுக்கால் எலும்பு முறிந்தது. அணியில் அவனைப் போல ஓடக்கூடியவன் வேறு யாருமில்லை. பிறகு அவன் விளையாடவேயில்லை.

அந்தப் பையனின் தகப்பன் என் கடைக்கு மிளகு கொண்டுவருபவர். அதற்குப் பிறகும் வழமைபோல் வந்தார், நிறுத்தார், பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்றும் நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கிறது.

மழையின் கணக்கு

உக்குவளைக்காரர்களாகிய நமக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1976 முதல் பொல்கொல்லையில் மறித்த மகாவலி நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தால் வந்து நமது ஊர் மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுற்றிவிட்டு சுது கங்கையில் சேர்கிறது. வழி கொடுத்தால் தண்ணீர் மின்சாரம் தரும். வழி கொடுக்காவிட்டால் சேறுதான் தரும். ஊர் வாசலிலேயே இந்தப் பாடம் இருக்க, மைதானம் கட்டும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

கணக்கைப் பாருங்கள். முழு அளவு உதைபந்தாட்ட மைதானத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம். பரப்பு 7,140 சதுர மீற்றர். ஓர் அங்குல மழை, அதாவது 25 மில்லிமீற்றர் பெய்தால் அதன்மேல் விழும் தண்ணீர் ஏறக்குறைய 1,78,500 லீற்றர். வீட்டுக் கூரையில் வைக்கும் ஆயிரம் லீற்றர் தாங்கிகள் 178ஐ ஒரே நேரத்தில் மைதானத்தில் கவிழ்த்தது போல. நமது பகுதியில் ஒரு பின்னேரத்தில் ஓர் அங்குலம் பெய்வது அதிசயமில்லை. மேட்டிலிருந்து ஓடிவரும் தண்ணீர் வேறு.

மிளகு காயப்போடும் தளத்தை ஒரு பக்கம் சற்றுச் சாய்த்துத்தானே கட்டுகிறோம்? மைதானத்துக்கும் அதே நியாயம். நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் நூற்றுக்கு ஒன்று என்ற சாய்வு கொடுத்தால், 34 மீற்றர் தூரத்துக்கு 34 சென்ரிமீற்றர் இறங்கும். விளையாடுபவன் கண்ணுக்கு அது தெரியாது. தண்ணீருக்குத் தெரியும். ஓரத்தைச் சுற்றிக் கான், கானிலிருந்து ஓடைக்கு வழி, மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் நீரை மைதானத்துக்கு வெளியிலேயே மறிக்கும் இன்னொரு கான். இவ்வளவும் முடிந்த பிறகுதான் மண்.

மண்ணுக்கும் கணக்குண்டு. பத்து சென்ரிமீற்றர் நல்ல மேல்மண் போடுவதென்றால் 714 கன மீற்றர் வேண்டும். நமது பேச்சில் ஏறத்தாழ 252 கியூப். மூன்று கியூப் ஏற்றும் டிப்பரில் 84 தடவை. "பத்து டிப்பர் மண் போட்டால் போதும் ஹாஜியார்" என்று ஒருவர் சொன்னால் அவர் கணக்குப் பார்க்கவில்லை என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

புல்லுக்காக வெளிநாட்டை நோக்கி ஓடவும் வேண்டாம். பெரிய மைதானங்களில் பர்முடா என்று சொல்லப்படும் புல் நமது அறுகம்புல்லின் இனம்தான். வெயில் வேண்டும், மிதிபட்டாலும் எழும்பும், வெட்டவெட்ட அடர்த்தியாகும். ஆனால் மரநிழலில் வராது. செயற்கைப் புல் போட்டால் பராமரிப்பே இல்லை என்று சிலர் சொல்வார்கள். அதையும் சீவித் துப்புரவாக்க வேண்டும். வெயிலில் அது கடுமையாகச் சூடேறும். ஏறத்தாழ பத்து வருடங்களில் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அந்தப் பத்தாம் வருடப் பணத்தை முதல் வருடத்திலிருந்தே ஒதுக்காத பாடசாலை அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

கட்டடம் வெற்றி தருமா?

இளைஞர்களில் ஒருவர் கையடக்கத் தொலைபேசியில் அமெரிக்கக் கல்லூரிகளின் பயிற்சி நிலையங்களைக் காட்டினார். அங்கே புட்போல் என்பது வேறு விளையாட்டு, பந்தைக் கையில் ஏந்தி மோதி ஓடுவது. ஆனால் பணக் கணக்கு நமக்கும் பாடம்தான். தென் கரோலினாவிலுள்ள கிளெம்சன் பல்கலைக்கழகம் தனது அணிக்காக 55 மில்லியன் டொலர் செலவில் ஒரு நிலையம் கட்டி 2017இல் திறந்தது. அதற்குள் சறுக்குமரமும் சிறு கோல்ப் திடலும்கூட இருக்கின்றன. சிகாகோவுக்குப் பக்கத்திலுள்ள நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 270 மில்லியன் டொலரில் கட்டி 2018இல் திறந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கிளெம்சன் அணி 2017 ஜனவரியில் தேசிய சம்பியனானபோது அந்தப் புதிய கட்டடத்துக்குள் இன்னும் குடிபோகவில்லை. வெற்றி பழைய இடத்திலிருந்தே வந்தது. அவர்கள் இவ்வளவு செலவழிப்பதற்குக் காரணம், நாடெங்குமுள்ள திறமையான பையன்களைப் போட்டிக் கல்லூரிகளை முந்தித் தம் பக்கம் இழுப்பது. நமது பையன்களை யாரும் இழுக்கத் தேவையில்லை. பாடசாலை விட்டதும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ரோட்டோரத்திலேயே பந்தடிக்கிறார்கள். அவர்களுக்குக் கால் முறியாத தரை ஒன்று கொடுத்தால் போதும்.

நமது நாடு 1995இல் கொழும்பில் தெற்காசியக் கிண்ணத்தை வென்ற நாடு. அதன் பிறகு உலகத் தரவரிசையில் இருநூறைச் சுற்றியுள்ள இடங்கள்வரை இறங்கினோம். கொழும்பு ஸாஹிரா, ஹமீத் அல் ஹுஸைனி போன்ற நமது பாடசாலைகளின் பெயர் இல்லாமல் இலங்கைப் பாடசாலை உதைபந்தாட்டத்தைப் பேச முடியாது. மலைநாட்டிலும் ஆர்வத்துக்குக் குறைவில்லை. குறைவாக இருப்பது வருடம் முழுவதும் விளையாடக்கூடிய தரையும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும்தான்.

கட்டுவது நமக்குப் புதிதல்ல. கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார், 1892இல் மருதானையில் ஸாஹிரா தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர். தொழிலால் அவர் கட்டட ஒப்பந்தக்காரர். கட்டுகிற கை நம் சமூகத்துக்கு அன்றே இருந்தது. கட்டியதைக் காப்பாற்றும் கைதான் பல ஊர்களில் தளர்ந்துவிட்டது.

மூன்று பைகள்

ஆகவே நான் அந்த இளைஞர்களிடம் சொன்னேன். சேர்க்கும் பணத்தை மூன்று பைகளாகப் பிரியுங்கள். முதலாவது கட்டும் பை. இரண்டாவது காக்கும் பை. மூன்றாவது பழக்கும் பை, அதாவது பயிற்றுநரின் சம்பளம், பந்து, வலை, போட்டிக்குப் போகும் பஸ் செலவு. முதல் பைக்கு எல்லோரும் தருவார்கள். மற்ற இரண்டுக்கும் தருபவர்கள் குறைவு. எனவே இரண்டாவதும் மூன்றாவதும் நிரம்பிய அளவுக்கே முதலாவதைத் திறக்க வேண்டும்.

இரண்டாவது பையை எப்படி நிரப்புவது? கணக்குக்காக, புல் வெட்டும் ஆளின் சம்பளம், மெஷினுக்குப் பெற்றோல், பசளை, கான் துப்புரவு எல்லாம் சேர்த்து மாதம் ஒரு இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர்த் தொகையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நூறு பழைய மாணவர்கள் மாதம் ஆயிரம் ரூபா தந்தால் ஒரு இலட்சம். காகிதத்தில் கணக்குச் சரி. ஆனால் நான் முப்பது வருடமாகக் கடன் கொடுத்து வியாபாரம் செய்பவன். நூறு பேர் வாக்களித்தால் அறுபது பேர் தருவார்கள் என்று வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். அப்படியானால் 170 பேரைச் சேர்க்க வேண்டும். அவர்களும் கையால் தரக் காத்திருக்காமல், வங்கியில் மாதாமாதம் தானாகக் கழியும் கட்டளை எழுதிக் கொடுக்க வேண்டும். வாயால் விற்ற மிளகு தராசில் ஏறாது.

இன்னொரு வழி, நமது பெரியவர்கள் காட்டிய வழி. முதலை வைத்துக்கொண்டு வருமானத்தைச் செலவழிப்பது. வக்பு என்பதன் வியாபாரக் கருத்து இதுதான். இரண்டு கடை அறைகளை வக்பு செய்தால் அவற்றின் வாடகை புல்லை வெட்டும். செய்வதானால் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டத்துக்கு அமைய முறையாக எழுதிப் பதிவு செய்யுங்கள். வாய்மொழி வக்பு இரண்டாம் தலைமுறையில் வழக்காகிவிடும். ஸகாத் பணத்தை இதற்குள் கலக்க வேண்டாம். அதன் பாத்தியதை வேறு, அதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் வைப்புப் பணமாக வைத்தால் என்ன நடக்கும் என்பதை 2022 நமக்குக் காட்டியது. அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். முந்திய வருடம் ஒரு இலட்சத்துக்கு வாங்கிய பொருட்களுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சத்து எழுபதாயிரம் வேண்டியிருந்தது. அப்போது ஐந்நூறு ரூபாச் சந்தாவை ஐந்நூறாகவே வைத்திருந்த சங்கங்கள் படுத்துவிட்டன. சந்தாவையும் வாடகையையும் வருடத்துக்கொரு முறை திருத்த வேண்டும் என்று யாப்பிலேயே எழுதுங்கள்.

வெளிப்பணத்தை நம்பலாமா?

"பீபாவில் கேட்டால் தருவார்கள்" என்றார் ஒருவர். உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2016இல் தொடங்கிய முன்னேற்றத் திட்டத்தின் கீழ் 2023 முதல் 2026 வரை ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் எட்டு மில்லியன் டொலர் வரை ஒதுக்கியது. உண்மைதான். அதில் ஐந்து மில்லியன் நடைமுறைச் செலவுக்கு, மூன்று மில்லியன் திட்டங்களுக்கு. ஆனால் அது நாட்டின் சம்மேளனத்துக்கு உரிய பணம், நேரே பாடசாலைக்கு வருவதல்ல. தவிர 2023 ஜனவரியில் இலங்கை இடைநிறுத்தப்பட்டு அவ்வருடம் ஓகஸ்டில்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. கொழும்பில் நடக்கும் சண்டைக்கு உக்குவளையில் புல் காய்ந்துபோகும் நிலையை நாமே உண்டாக்கக் கூடாது. வந்தால் வரவில் வையுங்கள். வருமுன் செலவில் வையாதீர்கள்.

கேரளத்தின் மலப்புறத்தைப் பாருங்கள். அங்கே ஏழு பேர் கொண்ட 'செவன்ஸ்' உதைபந்தாட்டம் ஒரு திருவிழா. வயலிலும் திடலிலும் இரவு விளக்குப் போட்டு, ரிக்கட் விற்று, அந்தப் பணத்தில் ஊர்ப் பொதுக் காரியங்களை நடத்துகிறார்கள். வருடத்துக்கொரு முறை நாமும் இப்படியொரு சுற்றுப்போட்டி வைக்கலாம், விளம்பரப் பலகைக்கு ஊர்க் கடைகளிடம் கேட்கலாம். ஆனால் 2022 மார்ச்சில் அங்கே பூங்கோடு என்ற இடத்தில் தற்காலிக ஆசனத் தட்டு சரிந்து பெருந்தொகையானோர் காயமடைந்தார்கள். வருமானம் பார்க்கும்போது உயிரையும் பார்க்க வேண்டும். அதே போல, தூக்கி வைக்கும் கோல் கம்பங்களை நிலத்தோடு இறுக்கிக் கட்டாமல் விட்டதால் அவை சரிந்து பிள்ளைகள் இறந்த சம்பவங்கள் உலகில் பல. கம்பம் வாங்கும் பற்றுச்சீட்டிலேயே நங்கூரத்தின் விலையும் இருக்கட்டும்.

குழுவுக்கு நான் விதித்த நிபந்தனைகள்

கடைசியில் ஒரு கடதாசியை எடுத்து, பொருளாளராக இருக்க என் நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தேன். உங்கள் ஊருக்கும் உதவும் என்பதால் இங்கே தருகிறேன்.

1. அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் கல்வித் திணைக்களமும் எழுத்தில் அனுமதி தர வேண்டும். அதன் பிறகே முதல் ரூபா சேர்க்கப்படும்.

2. மாத்தளை மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மலைநாட்டை என்ன செய்தது என்று கண்டோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு இல்லாமல் சரிவை வெட்டக் கூடாது.

3. வேலை ஒழுங்கு: கான், சாய்வு, மண், புல், கிணறும் தாங்கியும், கம்பமும் வேலியும், மலசலகூடமும் உடை மாற்றும் அறையும். பெவிலியன் கடைசி.

4. புல் போட்ட பிறகு வேரூன்றும் வரை யாரும் இறங்கக் கூடாது. இல்லமெய்வல்லுநர் போட்டியானாலும் சரி, அரசியல் கூட்டமானாலும் சரி.

5. மூன்று விலைமனு. ஒப்பந்தக்காரருக்கு அளந்து பார்த்தே பணம். பத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, ஒரு மாரி முழுவதும் தண்ணீர் வடிவதைக் கண்ட பிறகே கொடுப்பது.

6. தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையொப்பம். மாதக் கணக்கு பாடசாலை அறிவித்தல் பலகையிலும் பள்ளிவாசல் பலகையிலும்.

7. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் ஒருவர் மைதானத்தைச் சுற்றி நடந்து குழி பார்க்க வேண்டும். பார்த்தவர் புத்தகத்தில் கையொப்பமிட வேண்டும்.

ஏழாவதை வாசித்துவிட்டு கட்டார்க்காரர் சிரித்தார். "ஹாஜியார், இது கொஞ்சம் கூடப்போச்சு." நான் அந்தப் பையனின் கதையைச் சொன்னேன். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"எல்லாஞ் சரி, கானுக்கு யார் ஹாஜியார் சல்லி தருவாங்க? கல்லில பேர் வராதே" என்று இன்னொருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியாத கேள்வியும் அதுதான். இப்போது சொன்னேன்: மைதானத்தைச் சதுர மீற்றராகப் பிரித்து விற்போம். 7,140 பங்குகள். ஒரு பங்கின் விலைக்குள் கானும் மண்ணும் புல்லும் அடக்கம். பெரிய முதலாளி ஐந்நூறு பங்கு எடுக்கட்டும். சந்தையில் மரக்கறி விற்பவர் ஒன்று எடுக்கட்டும். பெயர்கள் எல்லாம் ஒரே அளவு எழுத்தில் ஒரே பலகையில் வரும்.

நான்கு பேரும் யோசித்துச் சொல்வதாகப் போனார்கள். ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்தார்கள். வர்ணப்படத்தில் பெவிலியனைப் பென்சிலால் வெட்டி, ஓரம் முழுவதும் கான் வரைந்திருந்தார்கள். நான் பொருளாளர் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

முதற் பங்கை வாங்கியவர் யார் தெரியுமா? அடுத்த நாள் மிளகு கொண்டுவந்த அந்தத் தகப்பன்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கதை அவர் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது. மிளகுப் பணத்தை எண்ணி வாங்கி, அதிலிருந்து ஒரு பங்குக்கு உரியதைத் திரும்ப என் மேசையில் வைத்தார். "பற்றுச்சீட்டு எழுதுங்க முதலாளி" என்று மட்டும் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். இலக்கம் ஒன்று.

இன்ஷா அல்லாஹ், கான் வெட்டி முடிந்து முதல் பெருமழை பெய்த மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்து, தண்ணீர் நிற்கிறதா இல்லையா என்பதை இதே பக்கத்தில் எழுதுவேன். நின்றால் அதையும் எழுதுவேன்.